சிறிய அறை, சேர்ந்திசைக்கும் நால்வர்: புனே ஒலிப்பதிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

புனேயில் சிறு ஒலிப்பதிவுக் கூடங்களை நடத்துவோருக்கும், அங்கே பாடவும் வாசிக்கவும் செல்லும் கலைஞர்களுக்கும்:

தம்புரா, வயலின், மிருதங்கம், தபலா, ஹார்மோனியம், மனிதக் குரல் ஆகியவற்றைப் பதிவு செய்யும்போது வாத்தியத்தோடு அறையும் சேர்ந்தே பதிவாகிறது. பெரிய அரங்கில் சுவர்கள் தொலைவில் இருப்பதால் அங்கிருந்து திரும்பி வரும் ஒலி தாமதமாகவும் மெலிந்தும் வந்து சேரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அப்படியல்ல. நேரே வரும் ஒலியும் சுவரிலும் தரையிலும் பட்டு வரும் ஒலியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மைக்கில் விழும். இதற்கு அஞ்சிப் பல கூடங்கள் கலைஞர்களைப் பிரித்துவிடுகின்றன. முதலில் மின்னணுத் தம்புராவுக்குக் குரல், மறுநாள் வயலின், அடுத்த வாரம் மிருதங்கம் என ஒவ்வொருவரும் காதில் ஹெட்போனோடு தனியே வாசிக்கிறார்கள். ஒலி சுத்தமாகக் கிடைக்கிறது, கச்சேரி கிடைப்பதில்லை. பாடகர் ஒரு கார்வையை நீட்டும்போது மிருதங்கம் அடங்குவதும், கல்பனை ஸ்வரத்துக்கு வயலின் உடனே பதில் சொல்வதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது மட்டுமே நடப்பவை. சேர்ந்து வாசிப்பவர்களைச் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும் என்பதும், சிறிய அறையிலும் அதைச் செய்ய முடியும் என்பதுமே இம்மடலின் வாதம்.

இந்த வேலையில் புனேக்கு நீண்ட மரபு உண்டு. 1929-இல் கோல்ஹாப்பூரில் தொடங்கிய பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933-இல் புனேக்கு இடம் மாறியது. பாபநாசம் சிவன் இசையமைத்த ‘சீதா கல்யாணம்’ (1934) என்ற தமிழ்ப் படத்தை எடுத்ததும் பிரபாத் நிறுவனம்தான். பிரபாத்தின் வளாகத்தில் 1960-இல் திரைப்படக் கல்லூரி தொடங்கியது. அங்கே ஒலிப்பதிவு படித்த ரசூல் பூக்குட்டி 2009-இல் ஆஸ்கர் விருது பெற்றார். தொடக்ககாலப் பேசும்படங்களில் நடிகர்கள் கேமரா முன் பாட, வாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே அமர்ந்து வாசித்தார்கள். மைக் ஒன்றோ இரண்டோதான். குரல் முன்னே, ஹார்மோனியம் சற்றுப் பின்னே, தாள வாத்தியம் இன்னும் பின்னே என உட்காரும் தூரத்தாலேயே சமநிலை அமைந்தது. பன்னிரண்டு ட்ராக் வசதி வந்த பின்னும் இந்தப் பாடம் மாறவில்லை: மிக்ஸிங்கில் பாதி, கலைஞர்கள் உட்காரும்போதே முடிந்துவிடுகிறது.

முதல் வேலை அறையை அறிவது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அது போய்த் திரும்பும்போது குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் மட்டும் வலுத்து நிற்கும். பத்தடி அகலத்துக்கு அது ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 112. பன்னிரண்டடி நீளத்துக்கு 47. அதன் இரட்டிப்பு 94. கூரையும் பத்தடி உயரமானால் அகலமும் உயரமும் ஒரே அதிர்வெண்ணைத் தூக்கிவிடும். இதைச் சுருதிக் கணக்கில் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஒன்றரைக் கட்டையில் பாடுபவரின் நடு ஷட்ஜம் ஏறத்தாழ 139 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 104. அந்த மந்திர பஞ்சமம் அறை தூக்கும் 94-க்கும் 112-க்கும் நடுவே விழுகிறது. அறையின் ஓரிடத்தில் அது வீங்கிக் கேட்கும். இரண்டடி நகர்ந்தால் மெலிந்துவிடும். குரலில் எந்தக் குறையும் இல்லாமலே பதிவில் ஸ்வரங்கள் சமனற்று ஒலிக்கும்.

இதைக் கண்டறியக் கருவி தேவையில்லை. பாடகர் மந்திர பஞ்சமத்தில் ஒரே அளவாகக் கார்வை பிடித்தபடி அறையின் நீளவாக்கில் மெதுவாக நடக்கட்டும். ஒலிப்பதிவாளர் ஒரு மைக்கைக் கையில் பிடித்து, ஒரு முழத் தூரத்தில் கூடவே நடந்து ஹெட்போனில் கேட்கட்டும். ஒலி வீங்கும் இடமும் குழியும் இடமும் தாமே தெரிந்துவிடும். மூலைகளில் தாழ்ந்த ஒலிகள் குவியும். அறையின் நட்ட நடுவில் சில தாழ்ந்த ஒலிகள் காணாமலே போகும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி விட்டு உட்காருவது பெரும்பாலும் சரியாக அமையும். அந்த இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம்.

சுவரெங்கும் ஓரங்குல ஃபோம் ஒட்டுவது சிறு கூடங்களின் பொதுப் பிழை. மெல்லிய ஃபோம் உயர்ந்த அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சும். தாழ்ந்த ஒலி அப்படியே தங்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓரங்குலம் அதை ஒன்றும் செய்யாது. விளைவு, தம்புராவின் ரீங்காரமும் வயலினின் மினுக்கும் செத்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ‘தொம்’ மட்டும் அறையில் உருளும். அதே செலவில் நான்கங்குல ராக்வுல் பலகைகளைச் சுவரிலிருந்து நான்கங்குலம் தள்ளி, முதலில் மூலைகளில் நிறுத்துவது மேல். பக்கச் சுவர்களில் ஒன்றில் புத்தக அலமாரி இருக்கட்டும். மராட்டிய வீடுகளில் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் கோதடியை இரண்டு மூன்று மடிப்பாகக் கொடியில் தொங்கவிட்டால் பாடகருக்குப் பின்னால் நல்ல திரை ஆகும்.

வெளிச்சத்தம் அடுத்தது. ஸ்கூட்டர், பிரஷர் குக்கர், லிஃப்ட் ஆகியவை எல்லா நகரங்களிலும் உண்டு. புனேயில் அவற்றோடு டோல்-தாஷா மேளமும் சேரும். விநாயகர் சதுர்த்திக்குப் பல வாரங்கள் முன்பே ஆற்றங்கரைகளிலும் மைதானங்களிலும் குழுக்கள் பயிற்சியைத் தொடங்கிவிடும். பெரிய டோலின் தாழ்ந்த ஒலியைச் சாதாரணச் செங்கல் சுவரோ சன்னலோ தடுக்காது. அந்த நாட்களில் மாலைப் பதிவைத் தவிர்த்துக் காலையில் வைத்துக்கொள்வதே வழி. பதிவின்போது மின்விசிறியும் ஏசியும் நிற்க வேண்டும். இரண்டு டேக்குகளுக்கு நடுவே ஓடலாம். கைபேசிகள் அறைக்கு வெளியே. மழைக்காலத்தில் ஈரக்காற்றால் மிருதங்கம், தபலா, கஞ்சிரா ஆகியவற்றின் தோல் தளரும். ஏப்ரல், மே மாத வறட்சியில் இறுகும். வாத்தியங்கள் அரை மணி நேரமாவது பதிவு நடக்கும் அறையிலேயே இருந்த பிறகு சுருதி சேர்க்க வேண்டும். கலைஞர் வந்து இறங்கியதும் பதிவைத் தொடங்கச் சொல்வது அவருக்கும் வாத்தியத்துக்கும் இழைக்கும் அநீதி.

இனி அமர்வு. கச்சேரி மேடையில் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்கும்படி உட்காருவது வழக்கம். கூடத்தில் சபை இல்லாததால் அந்த அமைப்பைக் கைவிடலாம். பாடகர், வயலின், மிருதங்கம் மூவரும் முக்கோணமாக, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும்படி உட்காரட்டும். பாடகர் தாளம் போடும் கை மிருதங்க வித்வானுக்குத் தெரிய வேண்டும். தம்புரா பாடகரின் காதுக்கு அருகில், சற்றுப் பின்னால். இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒலி போய்ச் சேர ஆறு மில்லி நொடிதான் ஆகிறது. காலப்பிரமாணத்துக்கு அது தடையே இல்லை. இப்படி அமர்ந்தால் ஹெட்போன் வேண்டாம். மின்னணுத் தம்புரா தவிர்க்க முடியாததென்றால் அதை ஸ்பீக்கரில் ஒலிக்கவிடக் கூடாது. வெவ்வேறு தாமதத்தோடு ஒவ்வொரு மைக்கிலும் அது ஏறிவிடும். ஒரு காதில் மட்டும் மூடிய ஹெட்போனில் தாழ்வாகக் கொடுக்கலாம். நேர்த்தம்புரா இருந்தால் அதற்கு ஈடில்லை. தம்புராவுக்கும் சிதாருக்கும் பேர்போன மீரஜ் ஊர் மகாராஷ்டிரத்திலேயே இருப்பது புனேக் கூடங்களுக்கு வாய்த்த நன்மை.

மைக்கைத் தேர்ந்தெடுப்பது இதற்குப் பிறகுதான் வருகிறது. பெரும்பாலான கூடங்களில் இருப்பவை கார்டியாய்ட் மைக்குகள். முன்னால் வருவதை நன்றாகவும் நேர்ப்பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் எடுப்பது இவ்வகை. எட்டு வடிவ மைக் முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும். இரு பக்கவாட்டிலும் ஏறக்குறைய செவிடு. எந்த ஒலி வேண்டும் என்பதோடு எந்த ஒலி வேண்டாம் என்பதையும் பார்த்து மைக்கைத் திருப்ப வேண்டும். பாடகரின் மைக்கை, அதன் முதுகு மிருதங்கத்தை நேராகப் பார்க்கும்படி வைத்தால் ஒன்றும் செலவில்லாமல் பாதிச் சிக்கல் தீரும். பாடகரும் வயலினும் நெருங்கி அமரும்போது, எட்டு வடிவ மைக்கின் செவிட்டுப் பக்கத்தை வயலினுக்குக் காட்டினால் எந்தத் தடுப்புப் பலகையும் செய்யாத வேலையை அது செய்யும்.

மைக்குகளுக்கிடையேயான தூரத்துக்கு ஒரு நடைமுறை விதி உண்டு. ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளதோ, அடுத்த மைக் அதைப்போல் மூன்று மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். குரலுக்கு 30 செ.மீ. என்றால் மிருதங்க மைக் 90 செ.மீ.-க்கு அப்பால். மற்ற வாத்தியத்தின் ஒலி கொஞ்சம் கசிவதில் குற்றமில்லை. கசியும் ஒலி நன்றாக இருந்தால் அது இசைக்கு ஆழம் தரும். கெட்ட அறையின் எதிரொலியோடு கசிவதுதான் பதிவைக் கலக்கும்.

தரையில் அமர்ந்து வாசிக்கும் மரபில் தரையும் கணக்கில் வரும். பாடகரின் வாயும் மைக்கும் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். தரையில் பட்டு வரும் ஒலி 55 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்கிறது. அதனால் 310 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியும் தரையொலியும் ஒன்றையொன்று அழித்து, பத்து டெசிபெல்லுக்கு மேல் பள்ளம் விழும். குரலின் உடல் இருக்கும் இடம் அது. அதே உயரத்தில் மைக்கை 60 செ.மீ.-க்குக் கொண்டுவந்தால் தரையொலி மிகவும் வலுவிழந்து, பள்ளம் நான்கைந்து டெசிபெல்லாகச் சுருங்கும். இடமும் 190 ஹெர்ட்ஸ் அருகே இறங்கிவிடும். ஜமுக்காளம் விரிப்பது நல்லதே என்றாலும் அது உயர்ந்த ஒலிகளையே அடக்கும். பதிவில் குரல் குழிந்து கேட்கிறதென்றால் ஈக்யூவைத் தொடுமுன் மைக்கை ஒரு சாண் முன்னே நகர்த்திப் பார்க்க வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக. குரலுக்கு மைக் 25 முதல் 30 செ.மீ. தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் சற்று மேலோ கீழோ இருந்து மோவாயைப் பார்க்கட்டும். ‘ப’கர வெடிப்பு மைக்கில் அடிக்காது. கார்டியாய்டை மிக நெருக்கினால் தாழ்ந்த ஒலி செயற்கையாகப் பருக்கும். ராகத்தில் ஆழும் பாடகர் தலையை அசைப்பார். அவரை அசையாதிரு என்பதைவிட மைக்கை அரையடி பின்னுக்கு எடுப்பதே முறை. தொடையில் தாளம் தட்டும் ஓசை கேட்டால் மடியில் மடித்த துண்டு போதும். வளையலும் பட்டும் ஒலிக்கும்; அன்று பருத்தி உடுத்தச் சொல்லலாம்.

தம்புராவில் குடத்துக்கு நேரே மைக் வைத்தால் வெறும் முழக்கமே கிடைக்கும். அதன் உயிர் குதிரையில் இருக்கிறது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகிய நூல் சரியான இடத்தில் நிற்கும்போது எழும் ரீங்காரத்தைப் பிடிக்க, 40 செ.மீ. தள்ளி, குதிரைக்கும் கழுத்துக்கும் நடுவே மைக்கைக் காட்ட வேண்டும். வயலினுக்கு மேலிருந்து 45 முதல் 60 செ.மீ.; நெருங்கினால் வில் உரசல் முந்திக்கொள்ளும். வீணைக்கு மேல்பலகையைப் பார்த்து 40 செ.மீ.; ஒட்டு மைக் மட்டும் போட்டால் மீட்டு கேட்கும், மரம் கேட்காது. புல்லாங்குழலின் ஒலி வாய்த்துளையிலிருந்தும் திறந்த விரல்துளைகளிலிருந்தும் எழுகிறது. குழலின் நுனிக்கு மைக் வைப்பதில் பயனில்லை. மூச்சுக் காற்று படாதபடி மேலிருந்து, இரண்டுக்கும் நடுவே காட்டுவது நல்லது. ஹார்மோனியத்தில் துருத்தியின் ஓசை தள்ளியிருக்கும்படி முன்பக்கம் மேலிருந்து எடுக்க வேண்டும்.

மிருதங்கத்தில் நுட்பம் அதிகம். வலந்தலையின் சாப்பும் தொப்பியின் கும்கியும் இரு வேறு உலகங்கள். இரண்டு மைக் வைத்தால் ஒவ்வொன்றும் 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். எதிரெதிரே நிற்கும் இரண்டு மைக்குகள் ஒன்றின் ஒலியை மற்றொன்று தின்னக்கூடும். ஒரு சானலின் ஃபேஸ் பொத்தானை மாற்றி மாற்றி மோனோவில் கேட்டு, தொப்பி எப்போது நிறைவாக ஒலிக்கிறதோ அந்த நிலையைக் கொள்ள வேண்டும். மைக் ஒன்றுதான் என்றால் முன்னால் மேலிருந்து 50 செ.மீ.; தொப்பி குறைந்தால் மைக்கை அந்தப் பக்கம் சாய்த்தால் போதும். தபலாவுக்கும் இதே வழி. கடத்துக்கு அதன் வாய்க்கு நேரே வேண்டாம், சற்று விலகி. நாகஸ்வரமும் தவிலும் சிறிய அறைக்குரியவை அல்ல. அவற்றுக்கு ஆளில்லாத கல்யாண மண்டபத்தையோ கோயில் மண்டபத்தையோ தேடிப் போவதே மரியாதை.

நல்ல அறையில் இரண்டே மைக்கும் போதும். இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையில் எட்டு வடிவ மைக்குகள் இரண்டு ஒரே புள்ளியில் செங்கோணமாக நிற்கும். விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையும் ரை கூடரின் கிடாரும் சேர்ந்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ (1993) அந்த முறையில் பதிவானது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்தில் கவிச்சந்திரன் அலெக்சாண்டர் அதைப் பதிவு செய்தார். மறு ஆண்டு அது கிராமி விருது பெற்றது. அந்த முறை பின்பக்க ஒலியையும் சமமாக எடுப்பதால் இனிய எதிரொலி உள்ள இடத்தில் ஒளிரும். பத்தடி அறையில் பின்சுவரையும் சேர்த்து எடுத்துவிடும். சிறிய அறைக்கு, 17 செ.மீ. இடைவெளியில் 110 பாகை விரித்த இரண்டு கார்டியாய்டுகள் பொருத்தம். இந்த இணையே முதன்மை ஒலியாக இருக்க, குரலுக்கும் தொப்பிக்கும் ஒவ்வொரு துணை மைக் வைத்தால் நால்வர் கச்சேரிக்கு நான்கு சானல் போதும்.

அளவு வைக்கும்போது பாடகரின் மெல்லிய ஆலாபனையைக் கேட்டு கெயின் ஏற்றுவது வழக்கம். பின்னால் தனி ஆவர்த்தனத்தின் முடிவுக் கோர்வையில் ஒலி வெட்டுப்படும். அந்தக் கோர்வையையே முதலில் வாசிக்கச் சொல்லி, உச்சம் முழு அளவுக்குக் கீழே பத்து டெசிபெல்லில் நிற்கும்படி வைத்துக்கொண்டால் பயமில்லை. 24 பிட்டில் பதிவு செய்தால் அளவு தாழ்ந்திருப்பதால் ஒன்றும் குறையாது. ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் தம்புராவை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்தால், பிறகு வெட்டி ஒட்டும் இடங்களை மூட அது உதவும். இரண்டு டேக்குகளுக்கு நடுவே சுருதி அணுவளவு நகர்ந்திருந்தாலும் ஒட்டு தெரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் சுருதியைச் சரிபார்ப்பது கட்டாயம். கீர்த்தனையை முழுதாக மூன்று முறை பாடவைத்து நல்லதைக் கொள்வது, வரிவரியாகப் பாடவைத்து ஒட்டுவதைவிட எப்போதும் மேல்.

பதிவு முடிந்த பின் ஒரு தாள் எழுதியாக வேண்டும்: பாடகர், பக்கவாத்தியக்காரர், தம்புரா போட்டவர் ஆகியோர் பெயர், ராகம், தாளம், கட்டை, தேதி, மைக் வைத்த இடம். இதற்கான முன்மாதிரி புனேயிலேயே இருக்கிறது. கீ புவாத்வென், ஹேமா ராய்ர்கர் இருவரும் புனேயை மையமாக வைத்துக் கிராமத்துப் பெண்கள் திருகையில் மாவரைத்தபடி பாடும் ஓவிகளைத் திரட்டினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அந்தப் பாடல்களின் தொகுப்பை இன்று பாரி என்ற ஊரக இந்திய ஆவணகம் வெளியிட்டு வருகிறது. பாடியவர் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டிருப்பதால்தான் அவை அந்தப் பெண்களின் சொத்தாக நிற்கின்றன. பெயரில்லாத மிருதங்கக்காரர் ஒருவர்கூட நம் பதிவுகளில் இருக்கக் கூடாது.

ஆகவே கூடம் நடத்துவோருக்கு வேண்டுகோள் இது: அடுத்த மைக் வாங்கும் பணத்தை முதலில் மூலைகளுக்குச் செலவிடுங்கள், மணிக்கணக்கில் வாடகை வாங்கினாலும் சுருதி சேர்க்கும் அரை மணியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கலைஞர்களுக்கு: தனித்தனியே வந்து வாசித்துப் போகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், சேர்ந்து ஒத்திகை பார்த்து, சேர்ந்தே வாருங்கள். இருவருக்கும் பொதுவாக ஒன்று: வெட்டாத மூலப் பதிவையும் அந்தத் தாளையும் இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டு தனி வட்டுகளில் பத்திரப்படுத்துங்கள், ஒரு நகல் கலைஞரிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
புனேயின் ஒலிப்பதிவுத் துறையிலிருந்து ஒரு தமிழர்